அடித்தட்டைக் கழற்றிய பிறகு

பழைய கார் விற்கும் கடைகள் வரிசையாக நிற்கும் தெருவில் அவளை எல்லோரும் டார்ச் அக்கா என்பார்கள். அவளைவிட வயதில் மூத்த வியாபாரிகளும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். உச்சி வெயிலிலும் கையில் டார்ச்சோடு வந்து காருக்கு அடியில் நுழைகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? அவள் தலை தெரிந்தாலே சில கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார்கள் என்று டயர்க்கடைக்காரர் சொல்லிச் சிரிப்பார். அது கொஞ்சம் மிகை. முகத்தைச் சுளிக்கிறவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அவளை அமர்த்திக்கொள்வார்கள். அவள் காரைப் பார்த்து, ஓட்டி, என்ன இருக்கிறது என்ன இல்லை என்று சொல்வாள். வாங்கு, வாங்காதே என்று சொல்வது அவள் வழக்கம் இல்லை. முன்பு காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் விபத்தில் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து மதிப்பிடும் வேலையில் இருந்தாள். எந்த இரும்பு எப்படி மடங்கும், எந்த வண்டியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், அப்படித் தூக்கிப் போட்ட வண்டி எந்த வழியாகத் திரும்பி ஊருக்குள் வரும் என்பதெல்லாம் அங்கே பார்த்துப் பார்த்துப் பழகியது. வேலையை விட்ட பிறகு டயர்க்கடையின் பின்பக்கம், காரைத் தூக்கும் லிஃப்ட் இருந்த கொட்டகையை வாடகைக்கு எடுத்துக்கொண்டாள். ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் கை துடைக்கும் துணிச் சுருள். அதுதான் அலுவலகம்.

அவளிடம் அதிகமாக வந்தவை வேகமான கார்கள். சாதாரணக் கார் வாங்குகிறவன் மச்சானைக் கூட்டிப்போய் டயரை உதைத்துப் பார்த்துவிட்டு வாங்கிவிடுவான். ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவனுக்குத்தான் பயம். பாதிப் பேர் ஏற்கெனவே மனதைப் பறிகொடுத்துவிட்டு வருவார்கள். குறை சொன்னால் அவள்மேல்தான் கோபம் வரும்.

பல் டாக்டர் அந்த வகை இல்லை. ஐம்பதைத் தொட்ட பெண்மணி. கடைசிப் பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டது, இனி எனக்கென்று ஒன்று வேண்டும், அது கத்த வேண்டும், ஓட வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஏற்கெனவே ஒரு வண்டியை அவள் பார்த்துச் சொன்னதைக் கேட்டு வேண்டாம் என்று விட்டிருந்தார். இரண்டாவது வண்டியின் படத்தைப் போனில் அனுப்பினார். கரும்பச்சை நிறம், இரண்டே இருக்கை, தரையோடு படுத்த உடம்பு.

படத்தைப் பார்த்ததும் டார்ச் அக்கா உடனே டாக்டரைக் கூப்பிட்டாள்.

"டாக்டர், இந்த வண்டியை நான் பார்க்கக் கூடாது. வேற ஆளை வெச்சுக்குங்க."

"ஏன், அவ்வளவு மோசமா?"

"வண்டியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. வண்டிக்காரரைத் தெரியும். என் மகளோட அப்பா."

டாக்டர் சிரித்துவிட்டார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. குறை இருந்தா உங்க கண்ணுக்குத் தப்பாது. குறையே இல்லைன்னு நீங்க சொன்னா, அதைவிட நம்பிக்கையான ஆள் எனக்கு எங்க கிடைக்கும்?"

"அப்படி இல்லை டாக்டர்..."

"அவருக்கு ஆட்சேபணை இல்லைன்னா எனக்கும் இல்லை. அவர்கிட்ட நானே கேட்கறேன்."

அவனுக்கு ஆட்சேபணை இல்லையாம். "நல்லாப் பார்க்கச் சொல்லுங்க" என்றானாம். அந்த வார்த்தைதான் அவளை உறுத்தியது. வேண்டாம் என்று அவன் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள், அதனால் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் நீ, வா, போதான். மகள் சின்ன வகுப்பில் இருந்தபோது பிரிந்தார்கள். பெரிய சண்டை ஒன்றும் கிடையாது. வீட்டில் எது கெட்டாலும் அவன் கண்ணுக்குத் தெரியாது, அவள் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரியும். இதையே இரண்டு பேரும் தங்கள் தங்கள் பக்கத்திலிருந்து பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சொல்லவும் அலுத்துப்போனது.

பிரிந்த அடுத்த வருஷம் அவன் அந்தப் பச்சை வண்டியை வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அது தெருமுனைக்கு வந்து உறுமும். மகள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடுவாள். டார்ச் அக்கா ஒரு நாளும் அந்த வண்டியின் அருகில் போனதில்லை. அதன் சத்தம் மட்டும் அவளுக்கு மனப்பாடம். இப்போது மகள் பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதுக்கு வந்துவிட்டாள், கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அப்பாவை நச்சரிக்கிறாள். இரண்டு இருக்கை மிருகத்தை விற்றுவிட்டு மகள் ஓட்டக்கூடிய சின்ன வண்டியாக வாங்குவது என்று அவன் முடிவு செய்திருந்தான். இது அவளுக்கு மகள் சொல்லித் தெரியும்.

காரை முதல் நாள் மாலையே கொட்டகையில் விட்டுவிட வேண்டும் என்பது அவள் விதி. எல்லோருக்கும் அதே விதிதான். சூடான எஞ்சின் பொய் சொல்லும். இரவெல்லாம் ஆறிக் கிடந்து காலையில் முதல் முறை உயிர் பெறும்போதுதான் அதன் உண்மைக் குரல் கேட்கும். அவன் சொன்னபடி கொண்டுவந்து விட்டுவிட்டு, மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு மென்துணி. வந்ததும் பக்கவாட்டுக் கண்ணாடியில் இருந்த தூசியைத் துடைத்தான்.

"டாக்டர் மத்தியானம் வருவாங்களாம். நீ ஆரம்பி" என்றான்.

"நாற்காலியில உட்காரு. நேரமாகும்."

"பரவாயில்லை, நிக்கறேன்."

அவள் முதலில் சைலன்சர் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. விடியற்காலையில் திருட்டுத்தனமாக யாரும் எஞ்சினைச் சூடேற்றி வைக்கவில்லை. சாவியைத் திருப்பினாள். முதல் உறுமலுக்குப் பின்னால் எஞ்சினுக்குள் சங்கிலி கலகலக்கும் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். வரவில்லை. பின்னால் போய் நின்றாள். எண்ணெய் எரியும் நீலப் புகை இல்லை, கூலன்ட் எரியும் இனிப்பு வாசனை இல்லை. எண்ணெய் மூடியைத் திறந்து விரலால் வழித்தாள். சுத்தமாக இருந்தது.

டயர்கள் நான்கும் ஒரே நிறுவனம், ஒரே வயது. பணம் போதாதவர்கள் இந்த வகை வண்டியை வாங்கிவிட்டுப் பின்னால் ஒன்று முன்னால் ஒன்று என்று மாட்டிவைப்பார்கள். இங்கே அந்தக் கதை இல்லை. முன்பக்க இடது டயரின் உள்விளிம்பு மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்திருந்தது. அதை மனதில் குறித்துக்கொண்டாள். பிரேக் தட்டுகளின் ஓரத்தில் நகத்தை வைத்துத் தடவினாள், தேய்ந்த விளிம்பு எதுவும் நகத்தில் தட்டவில்லை. பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டரை ஒவ்வொரு தகட்டிலும் வைத்தாள். எல்லாம் தொழிற்சாலைக் கனம். மேலே பூசி மெழுகிய இடம் ஒன்றுகூடக் கிடையாது.

பானெட்டைத் திறந்தபோது அவளே அசந்துபோனாள். எஞ்சினின் ஒவ்வொரு குழாயும் துடைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு போல்ட் தலையிலும் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு. தளர்ந்தால் கோடு விலகிவிடும், உடனே தெரிந்துவிடும்.

"இதெல்லாம் நீயா போட்டே?"

"வேற யார் போடுவா? வாங்கின வாரமே போட்டுட்டேன்."

குளியலறைக் கதவின் தாழ்ப்பாளை ஒரு திருகு போட்டு முறுக்கச் சொல்லி எத்தனை மாதம் அவள் தொண்டை வறண்டிருக்கிறது! கொட்டகையில் தாழ்ப்பாளைப் பற்றிப் பேச இடமில்லை.

ஓட்டிப் பார்த்தார்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். நாலாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தாள். கிளச் தேய்ந்திருந்தால் சத்தம் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. இது குதித்தது. இரண்டாவது கியரில் கரகரப்பு இல்லை. மேடு பள்ளத்தில் கடகடப்பு இல்லை. நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கைத் தளர்த்தியபோது இடப்பக்கம் நூலளவு இழுத்தது. சாலைச் சரிவாகவும் இருக்கலாம்.

"எப்படி?" என்றான் அவன். பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்குக் காத்திருப்பவன் மாதிரி இருந்தது முகம்.

"நல்லாத்தான் வெச்சிருக்கே."

"சும்மா சொல்லாதே."

"சும்மா சொல்ற வழக்கம் எனக்கு எப்ப இருந்தது?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தான். அவளுக்குள் ஏதோ ஒன்று ஏமாந்துபோனதை அவள் கவனித்தாள். குறை கிடைக்க வேண்டும் என்று தான் ஆசைப்பட்டோம் என்பது தெரிந்ததும் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

கொட்டகைக்குத் திரும்பி வண்டியை லிஃப்டில் ஏற்றினாள். இந்த வகைக் கார்களுக்கு அடியில் முழுக்கப் பிளாஸ்டிக் தட்டு போட்டு மூடியிருப்பார்கள், காற்று வழுக்கிக்கொண்டு போவதற்காக. கழற்ற நிறையத் திருகுகள். பெரும்பாலானவர்கள் கழற்ற மாட்டார்கள்.

"அதைக் கழட்டணுமா? கிளிப் உடைஞ்சா கிடைக்காது" என்றான்.

"எல்லா வண்டிக்கும் கழட்டறேன். உனக்கு மட்டும் விட முடியாது."

"நான் வாங்கின நாள்லேர்ந்து அதைத் தொட்டதே இல்லை."

அதை அவன் பெருமையாகச் சொன்னான். அவள் திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். தட்டு இறங்கியது. டார்ச்சைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டு வந்தாள். நடுவரை எல்லாம் சரி. முன்சக்கரங்களுக்கு நடுவே சேஸிஸ் தொடங்கும் இடத்தில் அவள் கை நின்றது.

தொழிற்சாலை இயந்திரம் பற்றவைத்தால் குழிகள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், தையல் மாதிரி வரும். இடப்பக்கம் அந்தத் தையல் பாதியில் நின்று, அதற்கு மேல் தேய்த்து மழுப்பிய தடிமனான ஒரு கோடு ஓடியது. வலப்பக்கமும் அதே உயரத்தில் அதே கோடு. மேலே பிசின் பூசியிருந்தார்கள், விரலால் இழுத்த தடத்தோடு. இந்த வண்டியின் முன்பாதி இந்த வண்டியுடையது அல்ல. அதே நிறத்தில் வேறொரு வண்டியின் மூக்கை வெட்டி எடுத்து வந்து ஒட்டியிருக்கிறார்கள். மீட்டர் ஏன் பிழை சொல்லவில்லை என்பதும் புரிந்தது. மூக்கின் பெயின்டும் தொழிற்சாலைப் பெயின்ட்தானே. போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்ட காயங்களை அவனுடைய மஞ்சள் கோடுகளே மூடிவிட்டிருந்தன.

இடப்பக்க வெல்டிங்கின் முனையில், தலைமுடி கனத்தில் ஒரு விரிசல். அதன் ஓரத்தில் துரு.

அவள் டார்ச்சை இறக்காமலே கேட்டாள்.

"குட்டியை இதுலதானே கூட்டிட்டுப் போனே? எல்லா ஞாயித்துக்கிழமையும்?"

"ஆமா. ஏன்?"

"நெடுஞ்சாலையிலயா?"

"ஏன் கேட்கறே, சொல்லு."

"இந்த வண்டி ஒரு வண்டியே இல்லை. ரெண்டு வண்டி. முன்னாடி பாதியை வெட்டி ஒட்டியிருக்காங்க. ஒட்டின இடத்துல விரிசல் விட்டிருக்கு."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சிவந்தது.

"நீ வேணும்னே சொல்றே."

"என்ன?"

"காலையிலேர்ந்து தேடித் தேடிப் பார்த்தே, ஒண்ணும் கிடைக்கலை. இப்ப யாருக்கும் தெரியாத இடத்துல ஒண்ணைக் கண்டுபிடிச்சிருக்கே. பழி தீர்க்கறியா?"

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. தன் மகளின் முழங்கால்கள் அந்த இரும்புக்குப் பின்னால் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் நீட்டி உட்கார்ந்திருந்தன என்பதைத் தவிர வேறு எதுவும் அவள் மனதில் ஓடவில்லை. டார்ச்சை அவன் கையில் திணித்தாள்.

"நாள் முழுக்கக் கண்ணாடி பார்க்கறவன்தானே நீ? இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் பாரு. நான் ஒரு வார்த்தை சொல்லலை."

அவன் இஸ்திரிச் சட்டையோடு அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தான். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. விரலால் தையலைத் தடவிக்கொண்டே வந்து, அது நின்றுபோன இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றான். வெகுநேரம் கழித்து வெளியே வந்து டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்தான். சட்டைத் தோளில் கிரீஸ்.

"வித்தவன் ஒரு மெக்கானிக்கை வெச்சுப் பார்த்துக் குடுத்தான்" என்றான்.

"வித்தவனோட மெக்கானிக்கா?"

"ஆமா." தோளில் இருந்த கிரீஸை மென்துணியால் தேய்த்துக்கொண்டே, "உன்னைக் கேட்டிருக்கலாம். அப்ப உன்கிட்ட வந்து நிக்க எனக்கு மனசு வரலை" என்றான்.

"வந்திருந்தா நான் பார்த்திருப்பேனான்னு எனக்கும் தெரியலை."

அவள் சொன்னது உண்மைதான். அந்த வருஷம் அவன் குரலைக் கேட்டாலே போனை வைத்துவிடுவாள்.

மத்தியானம் பல் டாக்டர் வந்தார். வந்த வேகத்தில் செருப்பைக்கூடப் பார்க்காமல் எண்ணெய்த் தரையில் நடந்து அடியில் போய் நின்றார். அவள் காட்டியதைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"மேல தொப்பி போட்ட பல் மாதிரி இருக்கு. பளபளன்னு இருக்கும், உள்ள வேர் போயிருக்கும்" என்றவர், அவன் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்க தெரிஞ்சு மறைச்சீங்கன்னு நான் நினைக்கலை சார். ஆனா வண்டி எனக்கு வேண்டாம்."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். டாக்டர் போன பிறகு டயர்க்கடைக்காரர் ஆறுதல் சொல்ல வந்தார். "தட்டைத் திரும்ப மாட்டிட்டா யாருக்குத் தெரியும்? ஊர்ல டார்ச் அக்கா ஒருத்திதானே." அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவள் லிஃப்டின் பக்கம் திரும்பிவிட்டாள்.

அவள் தட்டை மாட்டிக் கொடுத்தாள். ஓட்டிக்கொண்டு போகாதே, வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போ என்றாள். இத்தனை வருஷம் ஓடவில்லையா என்று முணுமுணுத்துவிட்டு அவன் ஓட்டிக்கொண்டுதான் போனான். ஆனால் ஆட்டோக்கள் முந்திக்கொண்டு போகிற வேகத்தில்.

சாயங்காலம் வீட்டில் அவள் மகளிடம் சொன்னாள். இனிமேல் அப்பாவின் வண்டியில் ஏறக் கூடாது என்று ஆரம்பித்ததே தப்பாகப் போயிற்று.

"அப்பா அந்த வண்டியை எப்படித் துடைப்பாரு தெரியுமாம்மா?"

"துடைக்கறது வேற. கீழ விரிசல் இருக்கு."

"உனக்கு எங்க பார்த்தாலும் விரிசல்தான்."

மகள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். டார்ச் அக்கா அடுக்களையில் நின்றபடியே சாப்பிட்டாள். குறை சொல்லிச் சொல்லியே சம்பாதிக்கிறவளை, உண்மையான குறையைச் சொல்லும்போது வீட்டில் நம்ப ஆளில்லை. இதை அவள் பரிதாபமாக எடுத்துக்கொள்ளவில்லை. மகளின் இடத்தில் இருந்தால் தானும் நம்பியிருக்க மாட்டோம் என்று நினைத்துக்கொண்டு பாத்திரத்தைக் கழுவி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் உறுமல் கேட்கவில்லை. அவன் பஸ்ஸில் வந்திருந்தான். மகள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவனோடு நடந்து போனாள். திரும்பி வந்தபோது, "அப்பா உன்கிட்ட போன்ல பேசணுமாம்" என்று மட்டும் சொன்னாள். போனபோது இருந்த முறைப்பு இல்லை.

மறுநாள் கடையிலிருந்து அவன் கூப்பிட்டான்.

"பாடி ஒர்க் ஷாப் ஒண்ணுல காட்டினேன். நீ சொன்னதையேதான் அவனும் சொன்னான்."

"சரி."

"மேல இன்னொரு தகடு வெச்சு, தேய்ச்சு, பெயின்ட் அடிச்சுத் தரேன்னான். அந்த டார்ச் அக்கா கண்ணுக்கே தெரியாம பண்ணித் தரேன், நல்ல விலைக்கு வித்துடலாம்னு சொன்னான்."

"பண்ணலாம். எனக்குத் தெரியாமப் போனாலும் போகும்."

"அப்பவும் இடிச்சா பிரிஞ்சுடுமா?"

"பிரிஞ்சுடும்."

அந்தப் பக்கம் அவன் கண்ணாடிக் கடையின் கதவு மணி ஒலித்தது. வாடிக்கையாளரை உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி பேசினான்.

"அந்த இருக்கையில வேற யாரோட பொண்ணாவது உட்காரும்."

அவனே முடிவு செய்துவிட்டான். வண்டியை முழுதாக விற்கவில்லை. பிரித்து விற்கும் இடத்துக்குக் கொடுத்தான். எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் ஆட்கள் போட்டி போட்டுக்கொண்டு எடுத்துப்போனார்கள். அவ்வளவு சுத்தமான எஞ்சினை அங்கே யாரும் பார்த்ததில்லையாம். கூட்டை மட்டும் நான்காக வெட்டினார்கள். வெட்டும்போது அவன் பக்கத்தில் நின்று பார்த்தான் என்று மகள் சொன்னாள். ஏன் நின்றான் என்று மகளுக்கும் தெரியவில்லை.

பல் டாக்டர் இன்னும் இரண்டு வண்டிகளைத் தள்ளிவிட்டு, கடைசியில் வெள்ளை நிறத்தில் ஒன்றை வாங்கினார். அதில் ஏசி சரியாக வேலை செய்யாது, அதையும் டார்ச் அக்கா முன்பே சொல்லியிருந்தாள். வியர்த்துக்கொண்டே ஓட்டுகிறேன், கத்துகிறது, ஓடுகிறது, போதும் என்றார் டாக்டர்.

மழைக்காலம் முடிந்து அவன் ஒரு சின்னக் காரோடு கொட்டகைக்கு வந்தான். மகளும் கூட வந்திருந்தாள். நாலு கதவு, சாம்பல் நிறம், யாரும் திரும்பிப் பார்க்காத வண்டி.

"வாங்கறதுக்கு முன்னாடியே காட்டறேன்" என்றான்.

"வரிசையில நில்லு. முன்னாடி ஒரு வண்டி இருக்கு" என்றாள் அவள்.

முறைப்படி பார்த்தாள், அடித்தட்டு இல்லாத வண்டி என்பதால் சீக்கிரம் முடிந்தது. கிளச் பாதி தேய்ந்திருந்தது. அதைச் சொன்னபோது, "இருக்கட்டும், மிச்சத்தை நான் தேய்ச்சுடறேன்" என்றாள் மகள். மூன்று பேரும் சிரித்தார்கள். டயர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவன் வழக்கமான கட்டணத்தை நீட்டினான், அவளும் வாங்கிக்கொண்டாள்.

மகள் சொன்ன மாதிரியே செய்தாள். ஓட்டுநர் தேர்வில் முதல் முறை தவறி, இரண்டாம் முறை தேறினாள். உரிமம் வந்த வாரமே பள்ளி வாசற்கம்பத்தில் உரசிப் பின்கதவில் ஒரு நசுங்கலை உண்டாக்கினாள். மாதங்கள் ஆகியும் அது அப்படியே இருந்தது. ஒரு நாள் தெருமுனையில் அவன் அந்த வண்டியோடு நின்றிருந்தபோது டார்ச் அக்கா குனிந்து நசுங்கலைப் பார்த்தாள்.

"இதை எடுக்கலையா?" என்றாள்.

"கதவு மூடுது, திறக்குது. உள்ள இரும்புக்கு ஒண்ணும் ஆகலை, பார்த்துட்டேன்" என்றான் அவன்.

அவள் கதவைத் திறந்து, உள்பக்கம் விரலால் தடவி, மூடினாள். ஒன்றும் ஆகவில்லைதான்.